ஒரு டயர் போதுமா, இரண்டு வேண்டுமா?

பக்கவாட்டில் வீங்கிய டயரோடு பஞ்சர் கடைக்கு வருகிறவரிடம், "உள்ளே ஒரு டியூப் போட்டுக்கங்க சார், ஆறு மாசம் ஓடும்" என்கிறார்கள். அவரும் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் கிளம்பிவிடுகிறார். இன்னொருவர், ஆணி குத்திய ஒரே ஒரு டயருக்காகப் போய் நாலு டயருக்கும் பணம் கட்டிவிட்டு வருகிறார். இவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். கொஞ்சம் குனிந்து டயரைப் பார்த்திருந்தால் இரண்டு பேருமே தப்பித்திருப்பார்கள்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா? சாலையைத் தொடும் பட்டன் பரப்பில் 6 மி.மீ.க்கு மிகாத ஓட்டை என்றால் பஞ்சர் ஒட்டினால் போதும். டயரைக் கழற்றி, உள்பக்கம் பார்த்து ஒட்டச் சொல்லுங்கள். வெளியிலிருந்து திரியைச் செருகி அனுப்புவது வீடு போய்ச் சேருவதற்கு மட்டும்தான்.

பக்கச் சுவரில் ஆழமான வெட்டோ வீக்கமோ இருந்தால் பேச்சே கிடையாது, மாற்றியே ஆக வேண்டும். பள்ளத்தில் விழுந்த அடியில் உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்ததால்தான் அந்த இடம் புடைக்கிறது. அறுந்த இழையை எந்தப் பசையும் சேர்க்காது. டியூப் காற்றைப் பிடித்து வைக்குமே தவிர, பலமிழந்த சுவரைத் தாங்காது.

தேய்மானத்துக்குச் சட்டமே அளவு சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 94-இன்படி கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. டயர் சுவரின் மேல் விளிம்பில் 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே, பட்டன் பள்ளத்துக்குள் ஒரு ரப்பர் மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஐப்பசி மழையில் ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்காமல் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது.

இனி ஒன்றா, இரண்டா? புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 7, 8 மி.மீ. இருக்கும். அதே அச்சில் இருக்கும் ஜோடி டயரை உங்கள் கண்முன்னால் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் என்றால், அதே கம்பெனி, அதே ரகம், அதே அளவில் ஒன்று வாங்கினால் போதும். அதற்கு மேல் போனால் அந்த அச்சின் இரண்டையும் மாற்றுங்கள். ஸ்டெப்னி அதே அளவில், அதிகம் ஓடாமல், ரப்பர் வெடிக்காமல் இருந்தால் அதையே ஜோடியாக்கி ஒரு டயரின் செலவை மிச்சப்படுத்தலாம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

இரண்டு மாற்றினால் புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். "முன்னாடிதானே சார் இழுக்குது" என்பார்கள், கேட்காதீர்கள். ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிப்பது கடினம்.

வாங்கும்போது டயர் சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் தயாரானது. டயரின் வரிசை எண் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில் இல்லாமல் வாங்கி எதையும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடிபடாமலே பட்டன் உரிந்தாலோ, சுவர் பிரிந்தாலோ அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம். காரோடு வந்த டயருக்கும் உத்தரவாதம் பொதுவாக டயர் கம்பெனியுடையதுதான். கார் பில்லோடு அந்தக் கம்பெனியின் டீலரிடம் போய்ப் புகாரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், பதிவு எண்ணோடு ரசீது கேளுங்கள். ஏற்றுக்கொண்டாலும் பெரும்பாலும் மீதமிருக்கும் பட்டனுக்குத்தான் கழிவு கிடைக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். "கம்பெனியில சொல்லிட்டாங்க சார்" என்ற வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள்.

அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். தேவைப்பட்டால் ஆணையம் டயரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். அதனால் பழைய டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், விட்டுவிட்டு வராதீர்கள்.

காப்பீட்டை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடைக்காது. விபத்தில் வண்டியும் சேர்ந்து சேதமானால் டயர் விலையில் அதிகபட்சம் பாதி. தனி டயர் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திருந்தால்தான் விஷயம் வேறு. இன்றே பாலிசியை எடுத்துப் படியுங்கள். அப்படியே நாலு டயரின் உள்பக்கச் சுவரையும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். வீக்கம் தட்டுப்பட்டால் அந்த டயரில் இனி ஒரு கிலோமீட்டரும் ஓட்டாதீர்கள்.