ஓடும்போதே ஆஃப் ஆகும் டீசல் பிக்கப்: பம்ப்பை கழற்றும் முன்பு எதையெல்லாம் பார்க்கணும்?

லோடு ஏற்றிக்கொண்டு போகும் டீசல் பிக்கப் நடுரோட்டில் திடீரென ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பட்டறைக்குப் போனால் ‘பம்ப் போயிடுச்சு, இன்ஜெக்டர் மாத்தணும்’ என்ற பதில் வருகிறது. வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அது சின்ன செலவு இல்லை. ஆனால் பல நேரங்களில் கோளாறு ஒரு ஹோஸ் கிளிப்பிலோ, ஒரு சென்சாரிலோதான் இருக்கும்.

எப்படி நின்றது என்பதே முதல் தடயம்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்று, கம்ப்ரஷன், டீசல் மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடும். நன்றாக ஓடிய வண்டியில் காற்றும் கம்ப்ரஷனும் ஒரே நொடியில் காணாமல் போவது அபூர்வம். அதனால் சந்தேகம் இரண்டு பக்கம்தான் போகும்: டீசல் வரவில்லை, அல்லது டீசலை அடிக்கச் சொல்லும் மின்சிக்னல் வரவில்லை.

இழுவை குறைந்து, திணறி, குலுங்கி நின்றால் பெரும்பாலும் டீசல் பிரச்னை. சாவியைத் திருப்பி ஆஃப் செய்தது போல ‘டக்’கென நின்றால் எலெக்ட்ரிக்கல் பக்கம் பார்க்க வேண்டும். டிரைவர் இதை மட்டும் கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதி குறையும்.

டீசல் ஒழுகவே இல்லையே, அப்புறம் எப்படி லீக்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டேங்கில் தனி பம்ப் இல்லாத வண்டிகளில், எஞ்சினில் உள்ள பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. அந்தக் குழாயில் சின்ன வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் காய்ந்து சுத்தமாகவே தெரியும். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையே கொஞ்ச தூரம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்டி ஓடவிட்டால், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஹேண்ட் பிரைமரை அழுத்திய பிறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றாலும் சந்தேகம் இதே பக்கம்தான்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி நிற்கும். நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது. டேங்க் அடியில் உள்ள அழுக்கு உறிஞ்சும் வலையில் ஒட்டினாலும் இதே கதைதான். நின்றதும் அழுக்கு கீழே உதிரும், வண்டி மறுபடி ஓடும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்பதை அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் திறந்து பார்த்துவிடலாம்.

சூட்டில் நின்று, ஆறியதும் ஓடினால்?

கிராங்க் சென்சார் மீது சந்தேகம் வரவேண்டும். எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்வது இதுதான். சூட்டில் சிக்னல் அறுந்தால் ஈசியூ உடனே டீசலை நிறுத்திவிடும். நின்ற இடத்திலேயே செல்ஃப் அடித்து ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். எஞ்சின் சுற்றியும் முள் அசையவே இல்லை என்றால் முதலில் சோதிக்க வேண்டியது சென்சாரும் அதன் வயரும்தான். மீட்டர் போர்டு முழுக்க இருண்டால் பேட்டரி டெர்மினல், எர்த் கேபிள், மெயின் ரிலே. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் நிற்கிறது என்றால் எங்கோ வயர் சேஸிஸில் உரசுகிறது.

ஸ்கேனரில் பி0335 வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட் கோளாறு. பி0087 வந்தால் ரயில் பிரஷர் குறைவு. ஆனால் அந்தக் கோடு ‘பம்ப் போச்சு’ என்று சொல்வதில்லை. அடைத்த ஃபில்டருக்கும் அதே கோடு வரும்!

இறக்கத்தில் நின்றால்?

திம்பம் மாதிரி 27 கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில் இது உயிர் விஷயம். எஞ்சின் நின்றதும் பதறி கிளட்ச்சை மிதிக்கவோ நியூட்ரல் போடவோ கூடாது. கியரிலேயே இருந்தால் சக்கரம் எஞ்சினைச் சுற்றவைக்கும். எஞ்சினால் ஓடும் பிரேக் வேக்யூம் பம்ப்பும் ஓரளவு வேலை செய்யும். நியூட்ரலில் ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகிவிடும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்ட வேண்டும். வண்டி முழுசாக நிற்கும்வரை சாவியை எடுக்கவே கூடாது, ஸ்டியரிங் லாக் ஆகிவிடும்.

பழைய பழக்கம் ஆபத்து

பழைய எஞ்சின்களில் ஓட்டத்திலேயே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி மிஸ்ஸிங் பார்ப்பார்கள். காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. 1,600 பார் அளவுக்குப் போகும் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

உண்மையிலேயே பம்ப் போயிருக்கிறதா என்று பார்க்க, பழைய ஃபில்டரில் இருக்கும் டீசலை வெள்ளைத் தட்டில் ஊற்றச் சொல்லலாம். பளபளக்கும் இரும்புத் துகள் தெரிந்தால் பம்ப் உள்ளே தேய்கிறது என்று அர்த்தம். அப்போது செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால் டேங்க், லைன், ரயில் எல்லாவற்றையும் சுத்தம் செய்யாமல் புது இன்ஜெக்டரை மட்டும் மாட்டினால், அதே துகள் அதையும் காலி செய்துவிடும்.