வெண்பனிச் சாலையும் அஞ்சல் பெட்டியும்



பாயான் பாருவில் எங்கள் அண்டை வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய மகள் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில், நகரத்தை விட்டுத் தள்ளியுள்ள ஒரு கிராமப்புறத்தில் குடும்பத்தோடு வாழ்கிறார். ஒரு தை மாதத்தில் மகளுக்கு அவசரமாக வேண்டியிருந்த பத்திரம் ஒன்றில் கையொப்பமிட்டு, பெரியவர் அஞ்சலில் அனுப்பி வைத்தார். மூன்று வாரமாகியும் அது போய்ச் சேரவில்லை. அஞ்சல்காரர்கள் தூங்குகிறார்கள் என்று அவருக்குக் கோபம். பிறகு மகள் தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். "அப்பா, கடிதம் எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டதாம். பெட்டிக்கு முன்னால் குவிந்திருந்த பனியை நாங்கள்தாம் அள்ளவில்லை."

"சாலை அரசாங்கத்துடையது. கடிதம் அஞ்சல் நிலையத்துடையது. நடுவில் என் மகள் ஏன் பனி அள்ள வேண்டும்?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுவதே இன்றைய பேச்சு.

நம் ஊரில் அஞ்சல்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து, வாசற்கதவில் உள்ள பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். வட அமெரிக்கக் கிராமங்களில் சாலைக்கும் வீட்டுக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கும். முற்காலத்தில் அங்குள்ள விவசாயிகள் கடிதம் வாங்கப் பட்டணத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டில் கிராமங்களுக்கு இலவசமாக அஞ்சல் கொண்டு செல்லும் முறை சோதனையாகத் தொடங்கியது. கனடாவில் அது 1908இல் வந்தது. வீடுதோறும் உள்ளே போய்வர நேரம் போதாது என்பதால், ஒவ்வொருவரும் சாலையோரத்தில் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முதலில் மக்கள் கையில் கிடைத்த தகர டின்களையும் சவர்க்காரப் பெட்டிகளையும் கம்பத்தில் மாட்டி வைத்தார்கள். வளைந்த கூரையும் முன்புறக் கதவும் கொண்ட தகரப் பெட்டியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த அமைப்பு 1915இல் உருவானது.

அஞ்சல்காரர் வண்டியை விட்டு இறங்காமலே கை நீட்டிக் கடிதத்தைப் போட வேண்டும். அதற்காகவே அளவுகள் வகுக்கப்பட்டன. அமெரிக்க விதிப்படி பெட்டியின் அடிப்பாகம் சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். சாலை விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் மட்டுமே தள்ளியிருக்க வேண்டும். அதாவது பெட்டி சாலையை ஒட்டியே நிற்கிறது. கோடையில் இதனால் தொல்லை இல்லை. தொல்லை குளிர்காலத்தில் வருகிறது.

வெண்பனி விழுந்ததும் சாலையைத் திறக்கப் பெரிய லாரிகள் புறப்படும். லாரியின் முன்னால் சாய்வான இரும்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். ஏரின் கொழு மண்ணைப் புரட்டி ஒரு பக்கமாகத் தள்ளுவதைப் போல, இந்தத் தகடு பனியைச் சாலையோரத்துக்குத் தள்ளுகிறது. ஆங்கிலத்திலும் அதற்குக் கலப்பை என்றே பெயர். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடுகின்றன. ஆகவே பனியும் வலப்பக்கம் போய் விழுகிறது. அஞ்சல் பெட்டிகளும் அதே வலப்பக்கத்தில்தான் நிற்கின்றன.

புதிதாக விழுந்த பனி இலேசானது. பத்து அங்குலப் பனி உருகினால் ஏறக்குறைய ஓர் அங்குல நீர்தான் கிடைக்கும். ஆனால் தகடு அதைத் தள்ளித் தள்ளி இறுக்கும்போது எடை ஏறுகிறது. பாதி உருகிய ஈரப்பனியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். லாரியும் மெதுவாகப் போக முடியாது. வேகம் இருந்தால்தான் பனி சாலையை விட்டு அப்பால் போய் விழும். வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. எனவே தகடு தொடாமலே, அது வீசும் பனி பட்டே பல பெட்டிகள் சாய்ந்துவிடுகின்றன.

வருடந்தோறும் பெட்டி விழுந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். சிலர் கம்பத்தைச் சிமெண்டினால் கட்டிவிடுகிறார்கள். சிலர் கனத்த இரும்புக் குழாயை நடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. பனிக்காலச் சாலை வழுக்கும். பிடி தவறிய கார் அந்தக் கம்பத்தில் மோதினால் கம்பம் அசையாது, உள்ளிருப்பவர்தாம் அடிபடுவார். 41 அங்குல உயரம் என்பது ஏறக்குறைய காரின் முன்கண்ணாடி மட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே நான்கங்குல மரக்கட்டையோ, இரண்டங்குலக் குழாயோ போதும் என்றும், அதை 24 அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் புதைக்க வேண்டாம் என்றும் கூறுகிறார்கள். பெட்டி கம்பத்தோடு இறுகப் பிணைந்திருக்க வேண்டும், கம்பமோ மோதினால் சாய வேண்டும். உடைய வேண்டிய இடத்தில் உடைவதே நல்ல கம்பம். ஒரு பெட்டியின் விலையை ஓர் உயிரோடு ஒப்பிட முடியுமா?

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். சாலையைத் திறப்பது ஊராட்சியின் கடமை. ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் லாரி நின்று சுத்தம் செய்ய இயலாது. கால்வாயைத் தூர்வாரும்போது சேறு கரையில் குவிவதைப் போல, சாலை திறந்ததும் பெட்டிக்கு முன்னால் பனி வரம்பு ஒன்று உண்டாகிவிடும். அதை அகற்றுவது வீட்டாரின் பொறுப்பு. பெட்டிக்கு இரு பக்கமும் 15 அடி வீதம் அள்ளிவிட்டால் வண்டி வந்து, நின்று, திரும்பப் போக இடம் கிடைக்கும். அள்ளாவிட்டால் அஞ்சல்காரர் கடிதத்தைத் திரும்பக் கொண்டுபோகலாம். அவர் சறுக்கி விழுந்தால் நட்டம் யாருக்கு?

பனி அள்ளுவதிலும் ஒரு முறை உண்டு. வீட்டிலிருந்து சாலையைப் பார்த்து நின்றால், பனி லாரி இடக்கைப் பக்கமிருந்து வரும். அள்ளும் பனியை வலக்கைப் பக்கம் குவிக்க வேண்டும். இடக்கைப் பக்கத்தில் சிறிது இடத்தைக் காலியாக விட்டால், தகட்டிலுள்ள பனி அங்கேயே கொட்டிவிடும். வாசலில் சேர்வது குறையும். பனியைச் சாலையில் மட்டும் வீசக் கூடாது. ஒன்டாரியோவில் அது சட்டப்படி குற்றம்.

கனடாவில் 1980களிலிருந்து புதிய குடியிருப்புகளில் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் கூட்டுப் பெட்டிகள் அமைக்கிறார்கள். அங்கே பனி அகற்றுவது அஞ்சல் நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் தனிப் பெட்டி வைத்திருப்பவர் மண்வாரியும் வைத்திருக்கத்தான் வேண்டும்.

நேயர்களே, பாயான் பாருவில் பனி விழாது. ஆனாலும் இங்கேயும் சாலைக்கும் வாசலுக்கும் இடையே நாலடி நிலம் இருக்கிறது. அங்கே ஊராட்சியின் கடமையும் நம் கடமையும் சந்திக்கின்றன. கதவு எண் அழிந்திருக்கிறதா? பெட்டிக்குள் மழைநீர் இறங்குகிறதா? நாய் கட்டப்படாமல் திரிகிறதா? இவை நம் ஊர்ப் பனி வரம்புகள். அஞ்சல்காரரை நாய் கடித்த செய்திகளை நாம் படிக்காமலா இருக்கிறோம்?

மறுநாள் மருமகன் பனியை அள்ளினார், கடிதம் கிடைத்தது. செய்தி கேட்ட பெரியவர் வெளியே வந்து, தம் வீட்டு வாசற்பெட்டியின் துருப்பிடித்த மூடியை இழுத்துப் பார்த்தார். அது திறக்கவில்லை. "முதலில் இதற்கு எண்ணெய் போட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.