மிகையுணர்வு வினைகள்

மிகையுணர்வு வினை என்பது, உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு முறைமை அளவு மீறியோ இலக்குத் தவறியோ செயற்பட்டு, உடலின் இழையங்களுக்கே கேடு விளைவிக்கும் நிலையாகும். மகரந்தம், மருந்து, உணவு போன்ற வெளிப்பொருட்கள் இதனைத் தூண்டுமாயின் பொதுவழக்கில் ஒவ்வாமை எனப்படுகின்றது. உடலின் சொந்தக் கூறே இலக்காகும்போது தோன்றுவது தன்னுடல் தாக்குநோய் ஆகும்.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த சார்லசு ரிசே, பவுல் போர்ட்டியே ஆகியோர் கடல் அனிமனியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆய்ந்தனர். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரங்களுக்குப் பின் செலுத்தப்பட்ட மிகச் சிறிய அளவிலேயே இறந்தது. பாதுகாப்புக்கு எதிரானது என்ற பொருளில் 1902 இல் இதற்கு அனாபைலாக்சிசு எனப் பெயரிட்டனர். ரிசே 1913 இல் நோபல் பரிசு பெற்றார்.

உடல் தன்னைத்தானே தாக்காது என்று பவுல் ஏர்லிக் கருதினார். 1904 இலேயே டோனாத், லாண்ட்சுடைனர் ஆகியோர் குளிரில் தன் சிவப்பணுக்களையே அழிக்கும் பிறபொருளெதிரியைக் கண்டறிந்திருந்தும், ஏர்லிக்கின் கருத்தே நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. 1956 இல் தைராய்டு பற்றிய ஆய்வுகள் வெளிவந்த பின்னரே நிலைமை மாறியது.

வகைகள்

பிலிப் கெல், ராபின் கூம்சு ஆகியோர் 1963 இல் வகுத்த நான்கு பிரிவுகளே இன்றும் பாடநூல்களில் உள்ளன.

முதல் வகையில் இம்யூனோகுளோபுலின் ஈ மாஸ்ட் உயிரணுக்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். ஆதலால் முதல் சந்திப்பில் அறிகுறி எதுவும் தோன்றாது. அதே பொருள் மீண்டும் உட்புகும்போது சில நிமிடங்களில் ஹிஸ்டமின் வெளிப்பட்டு, குருதிக்குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் வீழும், மூச்சுக்குழல் சுருங்கும். தொடைத் தசையில் உடனே செலுத்தப்படும் அட்ரினலினே உயிர்காக்கும் மருந்து. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் அதற்கு ஈடாகா.

இரண்டாம் வகையில் பிறபொருளெதிரிகள் உயிரணுவின் மேற்பரப்பிலேயே பிணைகின்றன. பொருந்தாத குருதியை ஏற்றும்போது நிகழ்வது இதுவே. இவ்வகையில் மாணவர்கள் கவனிக்கத்தக்க ஓர் இணை உண்டு. கிரேவ்சு நோயில் பிறபொருளெதிரி தைராய்டின் ஏற்பியைத் தூண்டுகின்றது; அதனால் சுரப்பு மிகுகின்றது. மயஸ்தீனியா கிராவிசில் அசிட்டைல்கோலின் ஏற்பியை முடக்கி அழிக்கின்றது; அதனால் தசை தளர்கின்றது. பொறிமுறை ஒன்று, விளைவு நேரெதிர். இந்நோயுள்ள தாய்மாரின் குழந்தைகள் சிலர் அதே அறிகுறிகளுடன் பிறந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ நலமடைகின்றனர். நஞ்சுக்கொடி வழியே வந்த தாயின் பிறபொருளெதிரி சிதைந்து மறைவதே காரணம். நோயை உண்டாக்குவது அப்பிறபொருளெதிரியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்றாம் வகையில் பிறபொருளெதிரியும் அதன் இலக்கும் சேர்ந்த கூட்டுப்பொருட்கள் சிறுநீரகம், மூட்டு, நுண்குருதிக்குழாய் ஆகியவற்றில் படிந்து அழற்சியை உண்டாக்கும். லூப்பசு இதற்கு எடுத்துக்காட்டு.

நான்காம் வகையில் பிறபொருளெதிரிக்குப் பங்கில்லை. டி உயிரணுக்கள் திரள நேரமாவதாலேயே மான்டோ சோதனையின் முடிவு 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் பார்க்கப்படுகின்றது. நிக்கல் அணிகலன், பார்த்தீனியம் செடி ஆகியவற்றால் வரும் தோலழற்சியும் இவ்வகையே.

பெயர்க் குழப்பம்

தொழுநோயில் ஏற்படும் எதிர்வினைகளுக்கும் எண்கள் இடப்பட்டுள்ளன. ஆனால் அவை வேறு எண்கள். தொழுநோயின் முதல்வகை எதிர்வினை, கெல்-கூம்சு முறையில் நான்காம் வகையாகும். இரண்டாம் வகை எதிர்வினை பெரும்பாலும் மூன்றாம் வகையாகக் கொள்ளப்படுகின்றது. முதல்வகை எதிர்வினையில் நரம்பு வீங்கி, சிகிச்சை தாமதித்தால் கை, கால், கண்ணிமை ஆகியவை நிலையாகச் செயலிழக்கக்கூடும். இதற்கு ஸ்டீராய்டு மருந்து தரப்படுகின்றது. எதிர்வினை தோன்றியதென்று கூட்டுமருந்துச் சிகிச்சையை இடையில் நிறுத்துதல் கூடாது.