பெருகுதலும் அருகுதலும்

குறிப்பிட்ட இடத்தில் ஒரே காலத்தில் வாழ்ந்து, தமக்குள் இனப்பெருக்கம் செய்யும் ஓரினத்து உயிரிகளின் தொகுதியை இனக்கூட்டம் என்பர். பிறப்பும் உள்வருகையும் அதன் அளவைக் கூட்டுகின்றன. இறப்பும் வெளியேற்றமும் குறைக்கின்றன. கணக்கு இவ்வளவே. இந்நான்கையும் ஏற்றி இறக்குவது எது என்பதே கடினமான வினா.

வரவும் போக்கும் இல்லாத தீவு ஒன்றில் இதற்கு விடை தேடுவது எளிது. பெரிங் கடலிலுள்ள செயின்ட் மாத்யூ தீவுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1944இல் 29 பனிக்கலைமான்களைக் கொண்டுசென்றது. போர்க்காலத்தில் அங்கிருந்த வீரர்களுக்கு அவை அவசர உணவாகும் என்பது நோக்கம். வீரர்கள் விரைவில் திரும்பினர், மான்கள் எஞ்சின. அவற்றை வேட்டையாட ஓநாய்கள் இல்லை. தரையெங்கும் லைக்கன் மெத்தைபோல் படர்ந்திருந்தது. உயிரியலாளர் டேவிட் கிளைன் 1957இல் அங்குச் சென்றபோது 1,350 மான்கள் இருந்தன. 1963இல் அவை சுமார் 6,000 ஆகியிருந்தன. தடையற்ற இத்தகைய பெருக்கத்தை வரைபடத்தில் குறித்தால் ஜே வடிவ வளைகோடு கிடைக்கும்.

ஒரு வாழிடம் தன் வளம் குன்றாமல் தாங்கக்கூடிய பேரளவு, தாங்குதிறன் எனப்படும். அதனை நெருங்குகையில் உணவு சுருங்கும், நோய் பரவும், பிறப்பு குறையும். இவை அடர்த்தி சார்ந்த காரணிகள். இவை உரிய காலத்தில் செயற்பட்டால் வளைகோடு எஸ் வடிவில் அடங்கிவிடும். தீவிலோ தடை காலந்தாழ்ந்தே வந்தது. மேய்ந்து தீர்த்த லைக்கன் மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும். 1963இலேயே மான்களின் எடை குறைந்திருந்தது, கன்றுகளும் அருகியிருந்தன. அடுத்து வந்த கடும்பனிக்காலத்தில் மந்தை மடிந்தது. 1966இல் எஞ்சியவை 42. அவற்றுள் ஆண் ஒன்றே, அதுவும் குறையுடையது. பின்னாளில் அவ்வினம் அத்தீவிலிருந்தே மறைந்தது.

மான்களைக் கொன்றது பனியா, பசியா? பனி, அடர்த்தி சாராத காரணி. ஆயினும் கொழுத்த மந்தையாக இருந்திருந்தால் அது பெரும்பாலும் பிழைத்திருக்கும். அட்டவணையில் நாம் பிரித்தெழுதும் இருவகைக் காரணிகளும் இயற்கையில் பின்னிக்கிடக்கின்றன.

உணவு குறையாமலும் ஓரினம் வீழலாம். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடும். குஞ்சு இனப்பெருக்கப் பருவம் எய்தச் சுமார் ஐந்தாண்டுகள் ஆகும். நெடுநாள் வாழ்வதே அதன் முதல். 1990களில் தொடங்கிய வீழ்ச்சியில், பதினைந்தே ஆண்டுகளில் இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வெண்முதுகுப் பாறுகள் மறைந்தன. கால்நடைச் சடலங்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே தாங்குதிறன் குறையவில்லை. கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி, சடலத்தின்வழிப் பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தமை 2004இல் வெளிப்பட்டது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் அம்மருந்து இருந்தாலே இவ்வீழ்ச்சிக்குப் போதும் என ஆய்வாளர்கள் கணித்தனர். ஒரு சடலத்தில் பாறுகள் பல கூடும். ஒரு பாறு ஆண்டு முழுதும் பல சடலங்களை உண்ணும். எலியினம் இத்தகைய இழப்பைச் சில ஈற்றுகளில் ஈடுசெய்துவிடும். பாறுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

கால்நடைகளுக்கு அம்மருந்தை அளிப்பதை இந்தியா 2006இல் தடைசெய்தது. நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில் பாறுகள் இன்றும் கூடுகட்டுகின்றன. நஞ்சு முற்றும் நீங்கினாலும் அவற்றின் எண்ணிக்கை மெல்லத்தான் மீளும். கூடு ஒன்றுக்கு ஆண்டில் ஒரு குஞ்சுக்குமேல் கிடையாது.