புகுமுக ஆண்டு எங்கே போயிற்று?

ஆண்டுதோறும் மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் பங்குக் குடும்பங்களில் ஓர் உரையாடல் தவறாது நிகழ்கின்றது. அறிவியல் பயின்ற பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று வீடே கூடிப் பேசும். வரலாறும் பொருளியலும் பயின்ற பிள்ளையைப் பற்றியோ, "ஏதோ ஒரு பி.ஏ.வில் சேர்த்துவிடுவோம்" என்னும் ஒரே வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிடுகின்றது. அந்த "ஏதோ ஒரு பி.ஏ."வுக்கும் ஆயத்தம் வேண்டும் என்பதையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம்முள் முதியோர் பி.யூ.சி. என்னும் சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் நேரே பட்டப்படிப்பில் நுழைய இயலாது. கல்லூரியிலேயே ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில வேண்டும். அதற்கும் முன்னர் இண்டர்மீடியட் என்ற ஈராண்டுப் படிப்பு இருந்தது. டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு அதனை நீக்கப் பரிந்துரைத்தது. பின்னர், 1964-66-இல் பணியாற்றிய கோத்தாரி குழு பத்து, இரண்டு, மூன்று என்னும் கல்வி அமைப்பை வகுத்தது. அதன்படி 1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தோன்றவே, புகுமுக வகுப்பு கல்லூரிகளை விட்டு விடைபெற்றது.

உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ டிரங்குப் பெட்டியுடன் மதுரை விடுதிக்கு வந்து சேர்ந்த மாணவன், அந்த ஓராண்டில்தான் ஆசிரியர் பேசப் பேசத் தானே குறிப்பெடுக்கக் கற்றான். நூலகத்தில் தேடிப் படிக்கக் கற்றான். ஆங்கிலப் பாடநூலைக் கண்டு அஞ்சாதிருக்கவும் மெல்லப் பழகினான். அதனைப் பொற்காலம் என்று கூற நாம் துணியோம். பி.யூ.சி.யில் தோற்று, படிப்பையே கைவிட்டு ஊர் திரும்பியவர்களும் நம் பங்குகளில் உண்டு. ஆயினும், பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் இடையே அஃது ஒரு படிக்கட்டாக இருந்தது.

இன்று அந்தப் படிக்கட்டு பிளஸ் ஒன் வகுப்பே. அதனைத்தான் நாம் தாண்டிக் குதிக்கின்றோம். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு ஈராண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. அதனைத் தடுக்கவே 2018 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு நடத்தப்பட்டது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நன்றே. ஆனால் தேர்வில்லாத ஆண்டு வீண் ஆண்டு என்று எண்ணுவது நம் இல்லங்களின் இயல்பாயிற்றே! இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்கள் பல, போதிய ஆயத்தமின்றி வரும் மாணவர்க்கெனத் தாமே ஓர் அடித்தள ஆண்டை நடத்துகின்றன. நம் பிள்ளைக்கு அவ்வாண்டு பள்ளிக் கட்டணத்திலேயே கிடைக்கின்றது.

சமூக அறிவியல் கேட்பது எத்தகைய ஆயத்தம்? ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். முல்லைப் பெரியாற்று அணை 1895-இல் திறக்கப்பட்டது. அதன் நீர் வைகை வழியே வந்து மேலூர்ப் பகுதியை நெல் விளையும் பூமியாக்கிற்று. உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்கள் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகவே நின்றன. அணை திறந்த ஆண்டைக் கேட்டால் நம் பிள்ளை நொடியில் விடை கூறும். நீர் வந்த ஊரிலும் வராத ஊரிலும் நிலம் யார் கையில் சேர்ந்தது, கூலி எவ்வாறு மாறிற்று, எந்த வீட்டார் பிழைப்புத் தேடி மதுரை ஆலைகளுக்கு வந்தனர் என்று கேட்டால் விழிக்கும். கல்லூரியில் தொடங்குவது இந்த இரண்டாம் வகைக் கேள்வி. கைடு நூலில் இதற்கு விடை இராது.

1949-இல் லூயி தூமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் தமிழகம் வந்து, மதுரைக்கு மேற்கேயுள்ள பிரமலைக் கள்ளர் சமூகத்தாரிடையே தங்கி, அவர்தம் வாழ்வை ஆராய்ந்து, 1957-இல் பெரியதொரு நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். சமூக மானிடவியலார் இன்றளவும் அதனை எடுத்துப் பேசுகின்றனர். அதே சாலையில், கருமாத்தூரில், 1970 முதல் இயேசு சபையாரின் அருள் ஆனந்தர் கல்லூரி நடைபெற்று வருகின்றது. அந்த மண்ணின் ஊர்களைப் பற்றி அடுத்த நூலை எழுத வேண்டியவர்கள் அங்கு பயிலும் பிள்ளைகளே அல்லரோ?

ஆகவே பெற்றோர்களே, பிளஸ் ஒன் ஆண்டில் மூன்று பழக்கங்களைப் பிள்ளைக்கு ஊட்டுங்கள். நாள்தோறும் ஆங்கில நாளேட்டின் ஒரு பத்தியையாவது அகராதியுடன் படித்துத் தமிழில் தன் சொல்லால் எழுதட்டும். தமிழ் வழியில் பயின்ற பிள்ளை முதலாண்டில் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணை போன்ற ஒன்றை எடுத்து, எண்கள் என்ன சொல்லுகின்றன என்று பேசப் பழகட்டும். கணக்கை விட்டு ஓடிவந்த பிள்ளைக்கு இது கசக்கும், ஆயினும் பொருளியலில் கணக்கை விட்டு ஓட இடமில்லை. மூன்றாவதாக, மனப்பாடம் செய்யாத ஒரு பக்கத்தை வாரந்தோறும் எழுதட்டும். தமுக்கத்தில் இராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959 முதல் உள்ள காந்தி அருங்காட்சியகமும், புது நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் மதுரைப் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

"இதெல்லாம் கற்று என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்ற வினா எழும். அரசுப் பணித் தேர்வுகள், ஆசிரியப் பணி, சமூகப் பணி, இதழியல், சட்டம் என வழிகள் உண்டு. முன்கூட்டியே ஆயத்தமானவர்க்கு அவை எளிதில் திறக்கும். நம் திருச்சபைக்கும் இவ்வறிவு வேண்டியதே. தொழிலாளர் நிலை பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் சுற்றுமடல் வரைந்தார். 2025-இல் திருத்தந்தையானவர் பதினான்காம் லியோ என்று பெயர் ஏற்றதற்கு அம்மடலையே முதன்மைக் காரணமாகக் கூறினார். கூலியையும் ஆலையையும் அறியாதவர் அத்தகைய மடலை எங்ஙனம் புரிந்துகொள்வார்?

விடுமுறையில் செய்யத்தக்க பயிற்சி ஒன்றுண்டு. பங்குத்தந்தையின் அனுமதியுடன் பங்கின் பழைய திருமணப் பதிவேட்டைப் பார்வையிட்டு, பெயர்களைக் குறிக்காமல், மணமக்களின் ஊர், வயது ஆகியவற்றை மட்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டுப் பிள்ளை ஓர் அட்டவணை வரையட்டும். அதனை அன்பியக் கூட்டத்தில் வாசிக்கச் செய்து, அந்த மாற்றங்கள் ஏன் நேர்ந்தன என்று அங்குள்ள தாத்தா பாட்டிமாரைக் கேட்கச் சொல்லுங்கள்.