குண்டுச் சத்தம் ஓய்ந்த பின்னும் ஓயாத நஷ்டம்



கோவையில் 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஒரு நாளில் விழுந்த அந்த அடியிலிருந்து ஊரும் கடைவீதியும் நிமிர நெடுநாள் பிடித்தது. இப்படிப்பட்ட நாட்கள் 30 வருடம் தொடர்ந்தால் ஓர் ஊரின் கதி என்ன? அதை அறிய வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்ட்டைப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனின் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்தில், அயர்லாந்தோடு சேர வேண்டும் என்போரும் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்போரும் மோதிக்கொண்டார்கள். முன்னவர் பெரும்பாலும் கத்தோலிக்கர். பின்னவர் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். இரு பக்கத்திலும் ஆயுதக் குழுக்கள் இருந்தன. 1960களின் இறுதியிலிருந்து 1998 வரை 3,500 பேர் அளவில் உயிரிழந்தனர். அங்கே அன்றைய மக்கள் தொகையே சுமார் 15 லட்சம்தான்.

முதல் அடி கடைவீதிக்குத்தான். 1972 ஜூலை 21 அன்று பெல்பாஸ்ட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 20 குண்டுகள் வெடித்து 9 பேர் இறந்தனர். அந்த வருடங்களில் கடைவீதியைச் சுற்றி இரும்புக் கேட் போட்டு, உள்ளே வருவோரைச் சோதித்தார்கள். கடை வாசலில் மறுபடியும் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஆளில்லாத கார் நின்றால் அதில் குண்டு இருக்குமோ என்று சந்தேகம். ஆகவே ஒருவர் காரிலேயே உட்கார்ந்திருக்க, மற்றவர் போய்ச் சாமான் வாங்குவார். இரவில் கடை பூட்டுமுன், துணி மடிப்பிலும் அலமாரியிலும் தீக்குண்டு ஏதும் செருகியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தார்கள். மாலையானால் கடைவீதி வெறிச்சோடிப் போகும்.

இடிந்த கட்டடத்துக்கும் எரிந்த சரக்குக்கும் அங்கே அரசே சட்டப்படி இழப்பீடு தந்தது. ஆனால் எந்த இழப்பீட்டிலும் திரும்பாத நஷ்டங்கள் மூன்று.

ஒன்று, பயம் பழகிப் போனது. கேட்டையும் சோதனையையும் பார்த்தே வளர்ந்த குழந்தைகளுக்கு, ஊர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது.

இரண்டு, மாமூல். ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் இரு பக்கத்து ஆயுதக் குழுக்களும் கடைக்காரர்களிடமும் கட்டடக் காண்ட்ராக்டர்களிடமும் பணம் பறித்தன. கொள்கை பேசி வந்தவன் கடைசியில் கல்லாவில் கை வைத்தான். கொடுத்தால் அந்தப் பணமே அடுத்த துப்பாக்கிக்குப் போகும்; கொடுக்க மறுத்தால் கடைக்கு ஆபத்து.

மூன்று, வாடிக்கை பிரிந்தது. பக்கத்தில் கடை இருந்தும், அது அவர்கள் பகுதி என்று தூரத்துக் கடைக்குப் போனவர்கள் உண்டு. 1993 அக்டோபர் 23, சனிக்கிழமை. ஷாங்கில் ரோட்டில் ஒரு மீன் கடை. எதிர்த் தரப்பு ஆயுதக் குழுவினர் மாடியில் கூடுகிறார்கள் என்று நம்பி அங்கே குண்டு வைக்கப் போனார்கள். மாடியில் ஆளே இல்லை. குண்டு முன்னதாகவே வெடித்து, கடைக்காரர், அவர் மகள், மீன் வாங்க வந்தவர்கள் என்று 9 பேரும், குண்டு கொண்டு வந்தவனும் இறந்தனர். ஒரே வாரத்தில், பழிக்குப் பழி என்று மறு பக்கத்தார் கிரேஸ்டீல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் சுட்டு 8 பேரைக் கொன்றனர். இரண்டு இடத்திலும் செத்தவர்கள் பெரும்பாலும் சாதாரண ஜனங்கள்.

1998 ஏப்ரல் 10 அன்று சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. நான்கே மாதத்தில், ஆகஸ்ட் 15 அன்று, அதை ஏற்காத ஒரு குழு ஓமா நகரின் கடைத்தெருவில் குண்டு வைத்து 29 பேரைக் கொன்றது. அதன் பிறகு பெரும் வன்முறை அடங்கியது. கடைவீதியில் கூட்டம் திரும்பியது. ஆனால் இரு சாராரின் தெருக்களுக்கு நடுவே 1969 முதல் எழுப்பிய சுவர்களில் பல இன்றும் நிற்கின்றன. குண்டு வெடிக்க ஒரு விநாடி போதும். அது பிரித்த மனங்கள் சேர ஒரு தலைமுறை போதவில்லை.

இதில் நமக்கு என்ன பாடம்? கேட்பாரற்ற பையைக் கண்டால் தொடாமல் போலீசுக்குச் சொல்ல வேண்டும். மிரட்டிப் பணம் கேட்டால் தனியாக நின்று தவிக்காமல் சங்கத்துக்கு வர வேண்டும். ஒரு கடையை மிரட்டுவது சுலபம், ஒரு கடைவீதியையே மிரட்டுவது சுலபமல்ல. நமது தீ இன்ஷூரன்ஸ் பாலிசியில் பயங்கரவாதச் சேதமும் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேட்டு, எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ‘இன்னார் கடையில் வாங்காதே, இன்னாருக்கு விற்காதே’ என்று எவர் வந்து சொன்னாலும் நாம் காது கொடுக்கக் கூடாது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், கடைக்காரனுக்கோ திண்டாட்டம். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் ஒன்றாக நின்று பருப்பும் எண்ணெயும் வாங்கும் இடம் நமது மளிகைக் கடை. அந்தக் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது வியாபாரம் மட்டுமல்ல, ஊருக்கு நாம் செய்யும் காவலும் ஆகும்.