வேலையை விட்டு மீண்டும் மாணவராக

புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நல்ல வேலை கிடைத்த பிறகு, அதை விட்டுவிட்டு முனைவர் படிப்புக்குப் போவார்களா? போனவர்கள் உண்டு.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, 1960இல் ஆஸ்திரேலியாவில் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் வேலையை விட்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவரானார். மனிதர் இடைவிடாமல் பேசுவதைக் கணினி புரிந்துகொள்ளுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1966இல் முனைவரானார், 1994இல் கணினித் துறையின் மிக உயரிய டூரிங் விருதைப் பெற்றார்.

வேலையில் பெரும்பாலும் தெரிந்த வழியில் பொருளை உருவாக்குகிறோம். முனைவர் ஆய்விலோ, யாரும் விடை காணாத கேள்வியோடு பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். வருமானம் குறையலாம், விடை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆனால் கைப்பேசி இன்று நம் பேச்சைப் புரிந்துகொள்வது இத்தகைய ஆய்வுகளால்தான். எனவே, வேலையை விடுமுன் விடாமல் துரத்தும் ஒரு கேள்வி கையில் இருக்க வேண்டும்.